நாலு கோடு வலப்பக்கம்

செவ்வாய்க்கிழமை காலையில் எடுத்த முதல் படத்திலேயே மாவு சாம்பல் நிறமாக விழுந்தது.

வெங்கடலட்சுமி கேமராவின் பின்பக்கத் திரையை முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். துடைத்தால் போகிற சாம்பலாக அது தெரியவில்லை. கிரைண்டர் டிரம்முக்குள் கிடந்த இட்லி மாவு நேரில் பார்க்கப் பளிச்சென்று இருந்தது. திரையில் மட்டும் யாரோ பிடி ராகி மாவை அள்ளிக் கலந்துவிட்ட மாதிரி மங்கிப்போயிருந்தது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க" என்று கணவனைக் கூப்பிட்டாள்.

சீனிவாசலு வந்தார். திரையைப் பார்த்தார், டிரம்மை எட்டிப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். பட்டறைக்கு வேண்டிய சாமான் எல்லாம் வாங்கிப்போடுவது அவர் பொறுப்பு. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் சாமான் வாங்கிய இடத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவார்.

"அரிசி சரியில்ல லட்சுமி. நான் அப்பவே நெனச்சேன். பழைய அரிசியக் கட்டிவுட்டுட்டான்" என்றார்.

சிரிக்க வேண்டாம். அந்த நேரத்தில் அந்தப் பட்டறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாவின் நிறம் சரியில்லை என்றால் அரிசியில் கோளாறு, இல்லாவிட்டால் உளுந்தில் கோளாறு. கிரைண்டர் செய்து பிழைக்கிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் தோன்றாது.

சூலூரில் கலங்கல் ரோட்டில் ஐந்து பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை அவர்களுடையது. பத்தொன்பது வருஷமாக மேஜையில் வைத்து அரைக்கும் சின்னக் கிரைண்டர் செய்கிறார்கள். செய்வது இவர்கள்தான் என்றாலும் பெயர் இவர்களுடையது இல்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். வெங்கடலட்சுமி செய்து அனுப்புவாள். அங்கே போனதும் அவர்கள் ஸ்டிக்கர் ஏறிவிடும். போன வருஷம் அன்னூரில் ஒரு சொந்தக்காரர் புதுவீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வீட்டுக்காரம்மா சமையலறையைச் சுற்றிக் காட்டும்போது கிரைண்டரைத் தட்டிக்காட்டி, "இந்தக் கம்பெனி மாதிரி வராதுங்க" என்று பெருமை பேசினார். அதன் அடியில் இருந்த நட்டை முறுக்கியதே வெங்கடலட்சுமியின் கைதான். அவள் சிரித்துக்கொண்டே காபியைக் குடித்து முடித்தாள். வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் நெஞ்சு எரிந்தது.

சூலூர் வந்து இறங்கியதும், "இனி நம்ம பேர்ல செய்யலாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்படிப் பிறந்ததுதான் 'வெண்பதம்' கிரைண்டர். பெயர் வைத்தாயிற்று, மாதிரியும் செய்தாயிற்று. ஆன்லைனில் விற்கும் ஒரு கம்பெனி, சிறு தொழிற்சாலைகளுக்கென்று தீபாவளி விற்பனையில் தனிப் பக்கம் ஒதுக்கியது. அதில் இடம் கிடைத்தால் நாடு முழுக்கத் தெரியும். விண்ணப்பத்துக்குக் கடைசி நேரம் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. அவர்கள் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று: மிஷினுக்குள் மாவு அரைபட்டு இருக்கும் படம் வேண்டும், கேமராவில் எடுத்தது எடுத்தபடி வேண்டும். கம்ப்யூட்டரில் ஏற்றி நிறத்தை மாற்றினால் கண்டுபிடித்துத் தள்ளிவிடுவார்கள்.

கேமரா வீட்டிலேயே இருந்தது. மகன் ரித்விக் பெங்களூருக்கு வேலைக்குப் போகும்போது அலமாரியில் விட்டுப்போனது. போனில் கேட்டதற்கு, "ஆட்டோவுல போட்டு எடுங்கம்மா, அதுவே எல்லாம் பாத்துக்கும்" என்றான். வெங்கடலட்சுமிக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எந்த மிஷினையும் அவள் விட்டதில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கேமராவைத் தானே படித்தாள்.

படித்ததில் அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போன ஒன்று இருந்தது. கேமராவுக்குள் எட்டிப் பார்த்தால் படத்துக்குக் கீழே சின்னதாக ஓர் அளவுகோல் தெரியும். நடுவில் பூஜ்யம். இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கோடுகள். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை ஒரு சக்கரத்தைத் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். கூட்டினால் உள்ளே வெளிச்சம் அதிகம் வரும், முள் வலப்பக்கம் போகும். குறைத்தால் இடப்பக்கம் போகும். பூஜ்யத்தில் நின்றால் எக்ஸ்போஷர், அதாவது உள்ளே விழுகிற வெளிச்சத்தின் அளவு, சரி.

அவள் பட்டறையில் டயல் கேஜ் என்று ஒரு கருவி உண்டு. அரைக்கும் கல் கோணாமல் சுற்றுகிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். முள் பூஜ்யத்தை விட்டு அசைந்தால் கல்லைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். அசையாமல் நின்றால் வேலை சுத்தம். பத்தொன்பது வருஷம் பூஜ்யத்தைக் கும்பிட்டு வாழ்ந்த பொம்பளையிடம் இன்னொரு பூஜ்யத்தைக் கொண்டுவந்து காட்டினால் என்ன செய்வாள்? அதையும் கும்பிட்டாள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை எடுத்த படத்திலும் முள் பூஜ்யத்தில்தான் நின்றது. கேமராமேல் தப்பே சொல்ல முடியாது. தப்பு அரிசியின் தலையில் விடிந்தது.

புதன்கிழமை சீனிவாசலு அன்னூர் வரைக்கும் போய்ப் புது இட்லி அரிசி ஒரு மூட்டை வாங்கிவந்தார். எட்டுத் தண்ணீர் விட்டுக் கழுவி, நாலு மணி நேரம் ஊறவைத்து அரைத்தார்கள். மாவு நுரைத்துக்கொண்டு வந்தது. கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, டிரம்மை நெருங்கி, மாவு மட்டுமே தெரிகிற மாதிரி வைத்து, முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி எடுத்தாள். அதே சாம்பல்.

"உளுந்துல தோல் இருக்கும்" என்றார் சீனிவாசலு.

உளுந்தை மாற்றி அரைத்தார்கள். சாம்பல். வெந்தயத்தை நிறுத்திப் பார்த்தார்கள். சாம்பல். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்று கேன் தண்ணீர் ஊற்றி அரைத்தார்கள். அதற்கும் மசியவில்லை.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இரண்டு லிட்டர் மாவு மிஞ்சியது. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் பட்டறையில் மூன்று குண்டான் மாவு. வேலை செய்கிறவர்களுக்குத் தூக்குப்போசியில் ஊற்றிக் கொடுத்தார்கள், பக்கத்து விசைத்தறிக்காரர்களுக்குக் கொடுத்தார்கள், எதிரே டயர் கடையில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை காலையில் பட்டறையின் மூத்த ஃபிட்டர் ஆரிஃப் பாவம் போல வந்து நின்றான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக்கூடாதுங்க. இன்னைக்கும் மாவு கொண்டுட்டு வந்தா ஊட்டுக்குள்ள உடமாட்டேன்னு நஃபீசா சொல்லீட்டாளுங்க. பசங்க இட்லியப் பாத்தாலே ஓடுதுங்க."

"இன்னைக்கு வாங்க வேண்டாம், போ" என்றாள் வெங்கடலட்சுமி. அவளுக்கே ராத்திரி தோசை இறங்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, சீனிவாசலுவின் அக்கா பங்காரம்மா அவிநாசியிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினார். ஒரு கையில் அரிசிப் பை, இன்னொரு கையில் உளுந்துப் பை. அவிநாசியில் பங்காரம்மாவின் பாக்கெட் மாவுக்கு அப்படி ஒரு பேர். காலை ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும். தம்பி போனில் அழாத குறையாக விஷயத்தைச் சொன்னதும், இது குடும்ப மானத்தில் வந்து நிற்கிற விவகாரம் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நகரு கண்ணு, நான் அரைக்கறேன்" என்று வெங்கடலட்சுமியைத் தள்ளி நிறுத்திவிட்டுத் தானே ஊறப்போட்டார், தானே அரைத்தார். மத்தியானம் சோறுகூடச் சாப்பிடவில்லை. மாவு பதத்துக்கு வந்ததும் விரலால் ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார். அது மிதந்தது. "இப்ப எடு" என்றார், ராணி மாதிரி.

வெங்கடலட்சுமி எடுத்தாள். திரையை அண்ணியிடம் காட்ட அவளுக்குக் கை வரவில்லை. பங்காரம்மா கேமராவைத் தானாகவே இழுத்துப் பார்த்தார்.

விரலில் ஒட்டியிருந்த மாவைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ற மாவா?"

"ஆமாங்க அண்ணி."

"இந்தக் கலர்லயா நான் மாவு விக்கறேன்? இருவது வருசமா விக்கறேன், ஒருத்தர் ஒரு சொல்லு சொன்னதில்ல. இந்தப் பொட்டி பொய் சொல்லுது!"

"இல்லீங்க அண்ணி, முள்ளு பூஜ்யத்துல நிக்குதுங்க. அளவு சரியாத்தான் இருக்குது."

"என்ற கண்ணு பூஜ்யமா? நேர்ல பாத்தா பால் மாதிரி இருக்குது. உன்ற பொட்டிக்குள்ள மட்டும் சாக்கடையா போகுதா?"

அந்த வீட்டில் சண்டை முற்றினால் தெலுங்குக்குத் தாவிவிடும். அன்றும் தாவியது. சீனிவாசலு நடுவில் நின்று அக்காவைத் தமிழிலும் மனைவியைத் தெலுங்கிலும் சமாதானம் செய்து, இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அண்ணி பாட்டுக்குக் கத்துகிறார் என்று வெங்கடலட்சுமி அப்போது நினைத்தாள். இத்தனை பேரில் சரியான இடத்தில் கை வைத்தது அவர் ஒருவர்தான் என்பது அவளுக்கு உறைக்க இன்னும் ஒரு நாள் ஆனது.

பங்காரம்மா ஊருக்குத் திரும்பவில்லை. "வெள்ளையா ஒரு படம் பாக்காம நான் பஸ் ஏறமாட்டேன்" என்று பட்டறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை. இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. பேசாமல் விட்டுவிடலாமா என்று வெங்கடலட்சுமிக்கு முதல் தடவையாகத் தோன்றியது. இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அவளுக்குத் தன்னைத் தெரியும். இப்போது விட்டால் மறுபடி பெரிய கம்பெனி ஆர்டர் வரும், மறுபடி நட்டு முறுக்க உட்கார்ந்துவிடுவாள், இன்னொரு பத்து வருஷம் ஓடிவிடும். அதை நினைத்தபோது கண் கலங்கியது. யாரும் பார்ப்பதற்குள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அரிசி ஊறும்வரை மாவைத் தொட வேண்டாம், மற்ற படங்களையாவது எடுத்து முடிக்கலாம் என்று நினைத்தாள். மிஷினுக்குள் சுற்றும் கல்லை நெருக்கமாகக் காட்டி ஒரு படம் கேட்டிருந்தார்கள். அந்தக் கல் ஆரிஃபின் வேலை. ஊத்துக்குளிப் பக்கமிருந்து வரும் கருங்கல்லைத் தேய்த்து, கொத்தி, முகம் தெரிகிற மாதிரி கருகருவென்று கொண்டுவந்து நிறுத்துவான். தண்ணீர் தெளித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே மாப்பிள்ளையின் அப்பா மாதிரி நின்றான்.

வெங்கடலட்சுமி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து எடுத்தாள்.

திரையைப் பார்த்ததும் ஆரிஃபின் முகம் சுண்டிப்போயிற்று. "என்னங்கக்கா இது? என்ற கல்லு ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது? திருநீறு பூசி உட்ட மாதிரி இருக்குது. இதப் பாத்தா மட்டக் கல்லுன்னு தான நெனப்பாங்க?"

"நீயும் ஆரம்பிக்காதப்பா" என்றாள் அவள் அலுப்போடு. அலுப்போடுதான் முந்தின படத்தைத் திருப்பினாள். நேற்று எடுத்த மாவு. அடுத்த படத்தைத் திருப்பினாள். இன்று எடுத்த கல். மாவு. கல். மாவு. கல்.

அவள் விரல் நின்றுவிட்டது.

இரண்டும் ஒரே நிறம். நேரில் ஒன்று பாலாக இருக்கிறது, இன்னொன்று கரியாக இருக்கிறது. படத்தில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஒரே சாம்பல்.

"அரிசிக்கும் கல்லுக்கும் ஒரே வியாதி வருமா?" என்று சத்தமாகவே கேட்டாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். சுண்ணாம்பு அடித்த சுவரை மட்டும் நிரப்பி, முள்ளைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு படம். உள்ளே ஓடிவந்து, ஆணியில் தொங்கிய கறுப்பு ரப்பர் பெல்ட்டுகளை மட்டும் நிரப்பி, பூஜ்யத்தில் வைத்து ஒரு படம். சுவரும் சாம்பல். பெல்ட்டும் சாம்பல்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இந்தப் பெட்டிக்கு எதிரே இருப்பது மாவா கல்லா என்று தெரியாது. வருகிற வெளிச்சத்தை மட்டும் அளக்கிறது. எது வந்தாலும் அது நடுத்தர நிறம் என்றே நினைத்துக்கொள்கிறது. வெள்ளை வந்தால், அடேயப்பா வெளிச்சம் அதிகம் என்று குறைக்கச் சொல்கிறது. கறுப்பு வந்தால், இருட்டாக இருக்கிறது என்று கூட்டச் சொல்கிறது. அதனிடம் கேட்டுக் கேட்டு எடுத்தால் வெள்ளையும் சாம்பல், கறுப்பும் சாம்பல்.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. டயல் கேஜில் பூஜ்யம் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்தா வருகிறது? சரியான மாதிரிக் கல் ஒன்றை வைத்து, முள் எங்கே நிற்கிறதோ அங்கே டயலைத் திருகிப் பூஜ்யம் வைப்பது அவள் கைதானே! மாதிரிக் கல் மாறினால் பூஜ்யமும் மாறும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் அவள் சொல்லிக்கொடுப்பது அது. இந்தக் கேமராவின் பூஜ்யத்தை எந்த ஊரிலோ எவனோ ஒரு சாம்பல் அட்டையை வைத்துக் குறித்திருக்கிறான். சாம்பல் அட்டையை விற்கிறவனுக்கு அது சரி. இவள் விற்பது அதை அல்லவே.

"ஆரிஃப், அரிசி ஊறுது பாரு, அதப் போடு. மாவு அரைக்கோணும்" என்று எழுந்தாள்.

"மறுபடியுங்களா?" என்றான் அவன், நஃபீசாவை நினைத்து.

சாயங்காலம் மாவு தயாரானதும் நாலு பேரும் கேமராவைச் சுற்றி நின்றார்கள். வெங்கடலட்சுமி சக்கரத்தைத் திருகினாள். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் கூடியது. முள் பூஜ்யத்தை விட்டு வலப்பக்கம் ஒவ்வொரு கோடாக ஏறியது. பூஜ்யத்தைத் தாண்டும்போது அவள் விரல் தானாக ஒரு கோடு பின்னுக்குத் திருகியது. பழக்கதோஷம். ஏறுவதுதான் ஏறுகிறோம் என்று ஒரேயடியாக ஆறு கோடு ஏற்றி எடுத்தாள்.

"வெள்ளை! வெள்ளை!" என்று சீனிவாசலு கத்தினார்.

"அட, இது என்ன கண்ணு, மாவு கண்ணடிக்குது?" என்றார் பங்காரம்மா.

உண்மைதான். திரையில் மாவின் பாதி, கறுப்பும் வெள்ளையுமாக மினுக்கு மினுக்கென்று அடித்தது. அதைப் பற்றியும் அவள் படித்திருந்தாள். வெளிச்சம் வரம்பு மீறிய இடத்தில் வெறும் வெள்ளையைத் தவிர ஒன்றும் பதியாது, அதைத்தான் மினுக்கிக் காட்டும். பெரிதாக்கிப் பார்த்தார்கள். மாவு வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் மாவாக இல்லை. நுரையைக் காணோம், கல் இழுத்த வரியைக் காணோம், ஓரத்தில் பொங்கி நின்ற குமிழ் ஒன்றுகூட இல்லை. டிரம்முக்குள் யாரோ வெள்ளைக் காகிதம் வெட்டிப் போட்டது மாதிரி இருந்தது.

"வெள்ளையாவும் இருக்கோணும், மாவாவும் இருக்கோணும்" என்றார் பங்காரம்மா தீர்ப்பாக.

ஒரு கோடு இறக்கினாள். இன்னும் ஓரத்தில் ஒரு இடம் மினுக்கியது. இன்னொரு கோடு இறக்கினாள். வலப்பக்கம் நாலாவது கோடு. மினுக்கல் நின்றது. நுரை தெரிந்தது. குமிழ் தெரிந்தது. கல் விட்டுப்போன வரிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. மாவு வெள்ளையாக, கைவிட்டு அள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு நேரம் வாயாடிய பங்காரம்மா சத்தமில்லாமல் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இதான் என்ற மாவு" என்றார்.

"அண்ணி, நீங்க சொன்னது சரிங்க. பொட்டிதான் பொய் சொல்லுச்சு. நான்தான் கேக்கல."

"அட போ கண்ணு. ரெண்டு நாளா உன்ற மூஞ்சியப் பாக்க முடியல. மொதல்ல சிரி" என்றார் அவர்.

கல்லுக்கும் அதே கணக்கைத் திருப்பிப் போட்டாள். அது கறுப்பு, ஆகவே இடப்பக்கம். அங்கும் கோடு கோடாக இறக்கி, ஆரிஃப் "போதுங்கக்கா, இதுதாங்க நம்ம கல்லு" என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள்.

சனிக்கிழமை வெளிச்சம் நன்றாக இருக்கும்போது மாவை இன்னொரு தடவை நிதானமாக எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தோடு சேர்க்க உட்கார்ந்தபோது மணி நாலேகால். பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டே போனார்கள். கடைசிப் பக்கத்தைத் திறந்த சீனிவாசலு, "அடக் கடவுளே" என்றார்.

தயாரிப்பாளரின் படம் என்று ஒரு கட்டம் இருந்தது. பாஸ்போர்ட் படம் ஆகாது, தொழில் செய்யும் இடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். இவ்வளவு நாளும் ஒருத்தரும் அதுவரைக்கும் எட்டிப் பார்க்கவில்லை.

"உங்க படத்தப் போட்டுருங்க" என்றாள் வெங்கடலட்சுமி சட்டென்று.

"நானா செஞ்சேன்?"

"நான் வேண்டாங்க. இந்தக் கோலத்துலயா?"

அவள் கறுப்பு. நல்ல கறுப்பு. அது அவளுக்கு ஒரு குறையாகப் பட்டதில்லை, படம் எடுக்கிறவர்களுக்குத்தான் எப்போதும் பட்டது. கல்யாண ஆல்பத்தில் பவுடர் அப்பி, அதற்குமேல் ஸ்டுடியோவில் வெளுக்க வைத்து, அவளைச் சீனிவாசலுவின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ரித்விக் சின்ன வயதில் அந்த ஆல்பத்தைப் பார்த்து, "அப்பா பக்கத்துல நிக்கறது யாரும்மா?" என்று கேட்டிருக்கிறான். அதிலிருந்து எந்த விசேஷத்திலும் அவள் கேமராவைக் கண்டால் பின்வரிசைக்குப் போய்விடுவாள்.

"கிரைண்டர் உன்றது. மூஞ்சி மட்டும் என்றதா?" என்றார் சீனிவாசலு. "போய் நில்லு லட்சுமி. மணி ஆகுது."

கரும்பச்சைப் புடவைமேல் பட்டறையின் நீலக் கோட்டு. தலை கலைந்திருந்தது. அப்படியே போய் மேஜையருகே நின்றாள். சீனிவாசலு கேமராவை வாங்கி, அவள் முகம் நிறைகிற மாதிரி கிட்டே வந்தார். நாலு நாளாகக் கூடவே இருந்து எக்ஸ்போஷர் முழுக்கக் கரைத்துக் குடித்துவிட்டதாக அவருக்கு நினைப்பு. பெண்டாட்டிமேல் இருந்த ஆசையில் கணக்காக நாலு கோடு வலப்பக்கம் ஏற்றி எடுத்துப்போட்டார்.

எல்லோரும் பார்த்தார்கள். ஆரிஃப் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

"ஏனுங்க, நானென்ன இட்லி மாவுங்களா?" என்றாள் வெங்கடலட்சுமி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திரையில் கண்ணும் மூக்கும் மட்டும் மிதக்க, யாரோ ஒரு வெளுத்த அம்மா நின்றிருந்தார்.

சீனிவாசலு அவசரமாகப் பூஜ்யத்துக்கு இறக்கி எடுத்தார். பார்க்க மோசமில்லை. ஆனால் கல்யாண ஆல்பத்துப் பெண்ணின் வயதான அக்கா மாதிரி இருந்தது. அது போதும் என்று அனுப்பியிருக்கலாம், மணி நாலு நாற்பது. சீனிவாசலுதான் தலையை ஆட்டினார்.

"இது நீ இல்ல" என்றார்.

ஒரு கோடு இடப்பக்கம் இறக்கினார். எடுத்தார். திரையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு கோடு இறக்கினார். எடுத்தார். பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவள் முகத்தை இப்படி உற்றுப் பார்த்து அளந்ததே இல்லை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. மூன்றாவது கோட்டில், அந்தச் சிரிப்போடு எடுத்தார்.

எடுத்துவிட்டுக் கேமராவை அவளிடமே நீட்டினார்.

வெங்கடலட்சுமி பார்த்தாள். கறுப்பாக இருந்தாள். கன்னத்தில் கிரீஸ் தீற்றியிருந்தது. காதோரம் நரை நாலு இழை தனித்தனியாகத் தெரிந்தது. சிரிப்பில் கண்ணுக்குக் கீழே மடிப்பு விழுந்திருந்தது. தோலில் பட்ட ஜன்னல் வெளிச்சம், நனைந்த கல்லில் மின்னுகிற மாதிரி மின்னியது. எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. தன் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு உடனே அடுத்ததுக்குத் திருப்பாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

"வேற எடுக்கட்டுமா?" என்றார் சீனிவாசலு தயங்கியபடி.

"வேண்டாங்க. இதையே அனுப்புங்க."

நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. பங்காரம்மா அவிநாசிக்கு ஐந்தேகால் பஸ் பிடித்தார்.

ஒன்பது நாள் கழித்துத் திங்கட்கிழமை காலையில் அந்தப் பக்கம் திறந்தது. வெங்கடலட்சுமி பட்டறையில் நின்றபடியே போனில் பார்த்தாள். மேலே கிரைண்டர், அதற்குள் வெள்ளை வெளேரென்று மாவு, பக்கத்தில் கருங்கல். கீழே அவள் முகம். அதற்கும் கீழே, 'தயாரிப்பு: வெங்கடலட்சுமி, சூலூர்.' அன்னூர் வீட்டுக்காரம்மாவோ வேறு யாரோ இனி அந்த மிஷினைத் தட்டிக்காட்டிப் பேசினால், இந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டும், இந்த முகத்தைத்தான் நினைக்க வேண்டும். அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். இந்தத் தடவை முகத்தைக் கழுவப் போகவில்லை, எல்லோரும் பார்க்கட்டும் என்று நடுப்பட்டறையிலேயே நின்றாள்.